விண்ட்ஷீல்டு வாங்கப் போன கதை

பெரம்பலூரிலிருந்து அரியலூர் சுமார் 30 கிலோமீட்டர். அந்த ரோட்டில் பைக் ஓட்டிப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் இந்த வாரக் கட்டுரையின் முதல் பாராவை நீங்கள் படிக்கவே வேண்டாம். எதிரே சுண்ணாம்புக்கல் லாரி, பின்னால் சிமென்ட் லாரி, நடுவில் நீங்கள். லாரி போன பிறகு கொஞ்ச நேரத்துக்கு எதுவும் தெரியாது. முகம், மீசை, பல்லிடுக்கு வரைக்கும் மாவு பூசியது மாதிரி ஆகிவிடும்.

போன மாசம் அப்படி ஒரு லாரியின் டயரிலிருந்து ஒரு கல் தெறித்தது. சுண்டைக்காய் அளவுகூட இருக்காது. என் புல்லட்டின் முன்னால் இருந்த விண்ட்ஷீல்டில் 'டப்' என்று ஒரு சத்தம். நட்டநடுவில் நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்த நட்சத்திரத்துக்கு வால் முளைத்து ஓரம் வரைக்கும் ஓடியிருந்தது.

'என் புல்லட்' என்று சொன்னது சும்மா ஒரு பேச்சுக்கு. வண்டி அப்பாவுடையது. 1978-ல் வாங்கியது. சிமென்ட் ஆலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர், ஷிஃப்ட் முடிந்து ராத்திரியில் அதில்தான் வீடு திரும்புவார். விண்ட்ஷீல்டும் அவர் மாட்டியதுதான். கீழ்ப்பாதியில் கறுப்பு ரெக்சின், மேல்பாதியில் கண்ணாடி. வருஷக்கணக்கில் வெயில் குடித்து, கண்ணாடி டீ வடிகட்டிய நிறத்துக்கு வந்திருந்தது. இருந்தாலும் மாற்ற மனசு வராமல் இருந்தேன். கல் அந்தக் கவலையைத் தீர்த்து வைத்துவிட்டது.

பெரம்பலூரில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி மூன்று தினுசு எடுத்துப் போட்டார்.

"அண்ணே, இது அக்ரிலிக். பளிச்சுனு இருக்கும், விலை கம்மி. இது பாலிகார்பனேட். சுத்தியலால அடிச்சாலும் உடையாது. இது அதே பாலிகார்பனேட், மேல கோட்டிங் போட்டது. விலை கொஞ்சம் கூட. எது போடட்டும்?"

நான் பி.காம். தேய்மானம் கணக்குப் போடத் தெரியும். பாலிகார்பனேட் என்றால் என்ன என்று கேட்டால் முழிப்பேன். "நாளைக்கு வர்றேன் தம்பி" என்று சொல்லிவிட்டு வந்து படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க விஷயம் எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போனது. லண்டனுக்குப் போய், மதுரைக்கு வந்து, கடைசியில் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே வந்து நின்றது. உங்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன், வாருங்கள்.

முதலில் காற்று. சைக்கிளில் போகும்போது காற்று நமக்குச் சிநேகிதன். பைக்கில் அவன் எதிராளி. வேகம் இரண்டு மடங்கானால் காற்று நம்மைத் தள்ளுகிற விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். 40-ல் போகும்போது சட்டையை மட்டும் பிடித்து இழுக்கிற காற்று, 80-ல் நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். மோட்டார் வாகனங்கள் வந்த புதிதில் இதற்கெல்லாம் கண்ணாடி கிடையாது. பெரிய கண்ணாடி ஒன்றைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, தோல் கோட்டு போட்டுக்கொண்டு ஓட்டினார்கள். காரில் கண்ணாடி வைத்தபோது வேறு வினை வந்தது. அது சாதாரண ஜன்னல் கண்ணாடி. மோதினால் கத்தி கத்தியாக உடைந்து முகத்தில் பாயும்.

1903-ல் எத்வார் பெனெடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரர் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையைக் கைதவறிக் கீழே போட்டார். குடுவை நொறுங்கியது. ஆனால் துண்டுகள் சிதறவில்லை! உள்ளே முன்பு வைத்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் காய்ந்து, மெல்லிய தோல் மாதிரி ஒட்டியிருந்தது. அந்தத் தோல்தான் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் இப்படி ஒரு தோலை வைத்து 1909-ல் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு உங்கள் பஸ்ஸின் முன்கண்ணாடி கல் பட்டு வலை மாதிரி விரிந்தும் விழாமல் நிற்கிறது என்றால், அது அந்தக் குடுவையின் பேரப்பிள்ளை.

காருக்கு இது சரி. மோட்டார் சைக்கிளுக்கு? எடை அதிகம். ஹேண்டில்பாரில் கண்ணாடிப் பலகையைக் கட்டிக்கொண்டு வளைவில் திரும்புவது லேசான காரியமில்லை. அதனால் ஆரம்ப நாட்களில் செல்லுலாய்டு தகடு மாட்டினார்கள். பழைய சினிமா ஃபிலிம் செய்தார்களே, அதே சரக்கு. சீக்கிரம் மஞ்சளாகும், நெருப்பு பட்டால் குபீரென்று பற்றும். பெட்ரோல் டேங்குக்கு ஒரு முழம் தள்ளி அதை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள், பாருங்கள்!

விடிவு 1930-களில் வந்தது. ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவரின் கம்பெனியும், இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் ரோலண்ட் ஹில், ஜான் கிராஃபோர்ட் ஆகியோரும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் ஒரே பொருளைப் பிடித்தார்கள். ரசாயனப் பெயர் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். வாயில் நுழையாது, விடுங்கள். ஜெர்மன்காரர்கள் 1933-ல் வைத்த பெயர் ப்ளெக்ஸிகிளாஸ். ஆங்கிலேயர்கள் அடுத்த வருஷம் வைத்த பெயர் பெர்ஸ்பெக்ஸ். நம்ம கடைக்காரத் தம்பி வைத்த பெயர் அக்ரிலிக். மூன்றும் ஒன்றுதான். எடை கண்ணாடியில் பாதி. தெளிவோ கண்ணாடியைத் தோற்கடிக்கும்: விழுகிற வெளிச்சத்தில் 92 சதவிகிதத்தை அப்படியே உள்ளே விடும்.

இப்படி ஒரு பொருள் கிடைத்தால் முதலில் யார் தூக்கிக்கொண்டு போவார்கள்? ராணுவம்தான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்களான ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் இரண்டிலும் விமானியின் தலைக்கு மேலே இருந்த கூண்டு பெர்ஸ்பெக்ஸால் ஆனது.

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

கார்டன் கிளீவர் என்று ஒரு விமானி. நண்பர்கள் வைத்த செல்லப்பெயர் 'மவுஸ்'. பனிச்சறுக்கு வீரர். 1931-ல் ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூயெலில் முதல்முறை நடந்த ஹானென்காம் பந்தயத்தில் ஒட்டுமொத்தச் சாம்பியன். போர் வந்ததும் ஹரிகேன் ஓட்டினார். எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்திப் பதக்கமும் வாங்கினார். 1940 ஆகஸ்ட் 15. அவசரமாகக் கிளம்பியதில் கண்ணுக்குப் போடும் காகிள்ஸைப் போடாமல் பறந்துவிட்டார். எதிரியின் குண்டு பட்டது. கூண்டு நொறுங்கி, பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் இரண்டு கண்களிலும் பாய்ந்தன. பார்வை தெரியாத நிலையிலேயே மனுஷர் விமானத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, பாராசூட்டில் குதித்து உயிர் பிழைத்தார். வலது கண் போனது போனதுதான். இடது கண்ணைக் காப்பாற்ற ஆபரேஷன் மேல் ஆபரேஷன்.

அவரைக் கவனித்த டாக்டர்களில் ஒருவர் ஹெரால்ட் ரிட்லி. அவர் ஒரு விநோதத்தைக் கண்டார். பொதுவாகக் கண்ணுக்குள் அந்நியப் பொருள் ஒரு தூசு விழுந்தாலும் கண் சும்மா இருக்காது. சிவக்கும், வீங்கும், சீழ் பிடிக்கும். உங்களுக்கும் எனக்கும் அனுபவம் உண்டு. ஆனால் கிளீவரின் கண்ணுக்குள் தங்கிவிட்ட பெர்ஸ்பெக்ஸ் சில்லுகளைக் கண் கண்டுகொள்ளவே இல்லை! வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி அவை பாட்டுக்கு இருந்தன. வேறு சில விமானிகளின் கண்களிலும் இதே கதைதான்.

அந்தக் காலத்தில் கண்புரை ஆபரேஷன் என்றால் மங்கிப்போன லென்ஸை வெளியே எடுப்பதோடு சரி. பதிலுக்கு எதுவும் வைக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி. நம்ம ஊர்த் தாத்தா பாட்டிகளை ஞாபகப்படுத்திப் பாருங்கள். அந்தக் கண்ணாடியில் உலகம் பெரிசாக, ஓரங்களில் வளைந்து தெரியும். அதைக் கழற்றினாலோ எதிரே நிற்பது பேரனா, தூணா என்று தெரியாது. போர் முடிந்த பிறகு, ரிட்லி கண்புரை ஆபரேஷன் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் கேட்டாராம்: எடுத்த லென்ஸுக்குப் பதிலாக வேறொன்று வைக்க மாட்டீர்களா, சார்? சரியான கேள்வி. ரிட்லியின் மனசில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த விஷயமும் அதுதான்.

1949 நவம்பர் 29. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை. 45 வயதுப் பெண்மணி ஒருவரின் கண்ணில் விமானக் கண்ணாடிச் சரக்கால் செய்த ஒரு சின்ன வில்லையை ரிட்லி வைத்தார். ஐ.சி.ஐ. இதற்கென்றே சுத்தமான பெர்ஸ்பெக்ஸ் செய்து கொடுத்தது. ரேனர் என்ற கம்பெனி வில்லையைக் கடைந்து கொடுத்தது. எல்லாம் ரகசியமாக. கணக்கு கொஞ்சம் தப்பி, அந்த அம்மாவுக்குக் கிட்டப்பார்வை ஏகத்துக்கும் வந்துவிட்டது. ஆனாலும் வில்லை உள்ளேயே இருந்தது, கண் அதைத் துப்பவில்லை.

1951-ல் ரிட்லி விஷயத்தை வெளியே சொன்னபோது கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பார். அடிக்காத குறை. நல்ல கண்ணுக்குள் ப்ளாஸ்டிக்கை வைக்கிறானே, பைத்தியமா என்று பெரிய பெரிய டாக்டர்களே எகிறினார்கள். பல வருஷம் மனுஷர் நொந்துபோய் இருந்தார். காலம் அவர் பக்கம் திரும்புவதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது. 1987-ல் கார்டன் கிளீவருக்கே, மிச்சமிருந்த அந்த ஒற்றைக் கண்ணில் புரை வந்தபோது, செயற்கை லென்ஸ் வைத்தார்கள். எந்தச் சில்லு அவர் கண்ணைக் கெடுத்ததோ அதிலிருந்து பிறந்த வைத்தியம் அவர் கண்ணைத் திறந்தது. ரிட்லிக்கும் பின்னாளில் அதே லென்ஸ்தான் வைக்கப்பட்டது. 2000-ல் 'சர்' பட்டம். அடுத்த வருஷம் இறந்தார்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இது எப்படி வந்து சேர்ந்தது? மதுரை வழியாக. டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1980-களில் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். ஒன்று நூறு டாலர் சுமாருக்கு விற்றது. கிராமத்துக் கூலிக்காரர் எங்கே போவார்? 1992-ல் அரவிந்தின் அங்கமாக ஆரோலேப் என்று மதுரையிலேயே ஒரு தொழிற்சாலை தொடங்கி, லென்ஸை இங்கேயே செய்தார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது, பிறகு அதற்கும் கீழே. நான் படித்த காஸ்ட் அக்கவுன்டிங் புத்தகத்தில் இந்தக் கதை இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கவனமாகப் படித்திருப்பேன்.

எங்கள் அப்பாவுக்கு 1998-ல் கண்புரை ஆபரேஷன். இரண்டு கண்ணிலும், ஆறு மாச இடைவெளியில், லென்ஸ் வைத்தார்கள். மடிக்க முடியாத பழைய தினுசு. அதாவது, அதே அக்ரிலிக். உடைந்த விண்ட்ஷீல்டைத் திண்ணையில் வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்து பேப்பர் படிக்கிற அப்பாவைப் பார்த்தேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அவர் உலகத்தைப் பார்ப்பதே விண்ட்ஷீல்டு வழியாகத்தான்!

சரி, லென்ஸ் கதையை நிறுத்திவிட்டு வண்டிக்கு வருவோம். அக்ரிலிக்குக்கு ஒரு குணம்: தெளிவு உண்டு, பொறுமை கிடையாது. ஓங்கி அடித்தால் விரிசல் விடும், உடைந்தால் முனை கூர்மையாக இருக்கும். கிளீவருக்கு நடந்தது அதுதான். கடைக்காரத் தம்பி சொன்ன இரண்டாவது சரக்கு, பாலிகார்பனேட், 1953-ல் பிறந்தது. இதுவும் இரட்டைப் பிரசவம்! ஜெர்மனியில் பேயர் கம்பெனியின் ஹெர்மன் ஷ்னெல், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸ். ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரு வார இடைவெளியில் கண்டுபிடித்தார்கள். ஃபாக்ஸ் வேறு எதற்கோ கலவை காய்ச்சப்போக, அது பாத்திரத்தில் கட்டியாகிவிட்டது. கட்டியைச் சுத்தியலால் அடித்தும் உடைக்க முடியவில்லை. 1969-ல் நிலாவில் ஆம்ஸ்ட்ராங் தலையில் மாட்டியிருந்த கோளம் இந்தச் சரக்கில் செய்ததுதான்.

ஆக, நிலாவுக்கே போய் வந்தது அரியலூர் ரோட்டுக்கு ஆகாதா? அதில்தான் ஒரு சிக்கல். பாலிகார்பனேட் உடையாது, ஆனால் சுலபமாகக் கீறல் விழும். அரியலூரில் கீறலுக்கா பஞ்சம்?

இந்த மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பெரம்பலூர், அரியலூர் பக்கம் பல கோடி வருஷத்துக்கு முன்னால் கடல் இருந்தது. 1862-லேயே எச்.எஃப்.பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் இந்தப் பாறைகளை வகைப்படுத்தி எழுதிவிட்டார். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறதே, 1940-ல் டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன் வெளியுலகுக்குச் சொன்னது, அதுவும் அந்தக் கடலின் மிச்சம். கடலில் செத்த சிப்பிகளும் நத்தைகளும் சேர்ந்து இறுகியதுதான் சுண்ணாம்புக்கல். அதை வெட்டித்தான் சிமென்ட் ஆலைகள் ஓடுகின்றன, அதை ஏற்றித்தான் லாரிகள் ஓடுகின்றன. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது, அடுத்த வருஷமே திரும்ப ஒட்டினார்கள், 2007-ல் மறுபடி பிரித்தார்கள். லாரிகளுக்கு இதெல்லாம் தெரியாது. அவை அன்றும் இன்றும் ஒரே மாவட்டமாகத்தான் ஓடுகின்றன. நம் கண்ணாடியில் வந்து படிகிற தூசு கோடி வருஷச் சிப்பி என்பதை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. கூடவே ரோட்டு மணலும் வருகிறது. அதைத் துணியால் வறட்டு வறட்டென்று துடைத்தால் கண்ணாடி உப்புத்தாள் போட்டது மாதிரி ஆகிவிடும்.

கீறல் என்ன செய்துவிடும் என்று கேட்காதீர்கள். பகலில் ஒன்றும் செய்யாது. ராத்திரி எதிரே லாரி ஹெட்லைட் போட்டுக்கொண்டு வரும்போது ஒவ்வொரு கீறலும் ஒரு ட்யூப்லைட் மாதிரி எரியும். கண்ணாடி முழுக்க வெள்ளை. அந்த ஒரு நொடியில் முன்னால் லைட் இல்லாமல் நிற்கிற மாட்டு வண்டி தெரியாது. இந்த ரோட்டில் அப்படிப் போன உயிர்களை எங்கள் தெருவிலேயே எண்ணலாம்.

அதனால் கோட்டிங் போட்டது என்று முடிவு செய்தேன். அந்தக் கெட்டிப் பூச்சு கீறலைத் தாங்கும், வெயிலில் மஞ்சளாகாமலும் காக்கும். விலை வித்தியாசத்தை வருஷக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் மாசத்துக்கு ஒரு டீ காசுகூட வரவில்லை. பி.காம். படிப்பு இதற்காவது உதவியதே! அதைவிட முக்கியம், உயரம். படித்ததில் எனக்கு உறைத்த விஷயம் இது: மோட்டார் சைக்கிள் விண்ட்ஷீல்டு அதன் வழியாகப் பார்ப்பதற்கு இல்லை, அதற்கு மேலாகப் பார்ப்பதற்கு. கண்ணாடியின் மேல் விளிம்பு நம் மூக்கு உயரத்தில் நிற்க வேண்டும். காற்று மேலே ஏறித் தலையைத் தாண்டிப் போய்விடும், பார்வைக்குக் குறுக்கே எதுவும் இருக்காது. கண்ணுக்கு ஹெல்மெட்டின் வைசர் இருக்கிறது. அப்பாவின் பழைய கண்ணாடி அவர் நெற்றி வரைக்கும் நின்றது. மழையில், ராத்திரியில், அந்த மஞ்சள் வழியாக எப்படித்தான் ஓட்டினாரோ!

புல்லட்டுக்கே இந்தக் கண்ணாடி மோகம் புதுசில்லை. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊசி செய்கிற ஊரில் பிறந்த வண்டி அது. 1950-களின் கடைசியில் அங்கே ராயல் என்ஃபீல்டு 'ஏர்ஃப்ளோ' என்று முன்பக்கம் முழுக்க மூடி, கண்ணாடி வைத்து ஒரு மாடலே விற்றார்கள். நம்ம ஊருக்கு வந்தது வேறு வழியில். 1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் 800 புல்லட் கேட்டது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா பிறந்தது, தொழிற்சாலை திருவொற்றியூரில் எழுந்தது. 1970-களின் தொடக்கத்துக்குள் இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடிவிட்டது. 1977-ல் திருவொற்றியூர் புல்லட் கப்பலேறி இங்கிலாந்துக்கே போனது! அதற்கு அடுத்த வருஷம் அப்பா வாங்கினார்.

மறுநாள் கடைக்குப் போனேன். "கோட்டிங் போட்டது கொடுங்க தம்பி. கலர் வேண்டாம், ப்ளெயின்."

"ஸ்மோக் கலர் போடுங்கண்ணே, கெத்தா இருக்கும்."

"ராத்திரி ஓட்டணும் தம்பி."

அவர் மாட்டி முடித்துவிட்டு, துடைப்பதற்காகப் பெட்ரோலில் துணியை நனைத்தார். பாய்ந்து போய்த் தடுத்தேன். பெட்ரோல், தின்னர் எதுவும் இந்தக் கண்ணாடிக்கு ஆகாது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விட்டு, ஒருநாள் தானாகப் பிளக்கும். நீங்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியை மேலே போட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, தண்ணீர் ஊற்றி, சோப்புத் தண்ணீரில் மெதுவாகத் துடைத்தால் போதும். தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

வண்டியைப் பார்த்ததும் அப்பா கண்ணாடியை விரலால் சுண்டிப் பார்த்தார். "எவ்வளவுடா?" என்றார். சொன்னேன். "அந்தக் காலத்துல..." என்று ஆரம்பித்தவர், பாதியிலேயே நிறுத்திவிட்டு, "ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போ" என்றார். எண்பதைத் தாண்டிய மனுஷரைப் பின்னால் உட்கார வைத்து, ஹெல்மெட் மாட்டிவிட்டு, மெதுவாக அரியலூர் ரோட்டில் கிளம்பினேன். இருட்ட ஆரம்பித்திருந்தது. புதுக் கண்ணாடி காற்றை அழகாகத் தூக்கி எறிந்துகொண்டிருந்தது. நான் அந்த அழகைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

பின்னாலிருந்து தோளில் ஒரு தட்டு.

"லாரி வருதுடா, லைட் போடாம. ஓரமா ஒதுங்கு!"

எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒதுக்கி நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் தெரிந்தது.